என் குழம்புக்கு வந்த கெட்ட பெயர்

"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

டாக்டரம்மா கேட்டது என் வீட்டுக்காரரை. நிமிர்ந்து பார்த்தது என்னை.

திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருந்த சின்ன கிளினிக் அது. டாக்டரம்மாவின் அறைக்கும் ஜனங்கள் காத்திருக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை மட்டும்தான். உள்ளே பேசுவது அத்தனையும் வெளியே கேட்கும். வெளியே உட்கார்ந்திருந்ததில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள்.

"ரெண்டு தோசை டாக்டர். சில நாள் சோறு, குழம்பு," என்றார் இவர்.

"எத்தனை மணிக்கு?"

"எட்டே முக்கால், ஒம்பது ஆயிடும். வேலை முடிஞ்சு வந்து சேரணுமில்ல?"

"சாப்பிட்டதும்?"

"படுத்துடுவேன். படுத்ததும்தான் ஆரம்பிக்கிது. நெஞ்சு கரிக்குது, புளிச்ச ஏப்பம், தொண்டை வரைக்கும் எதுக்களிக்குது. வயிறு உப்பிகினு தாளம் போட்டா மத்தளம் மாதிரி கீது."

எடை குறைந்ததா, வாந்தி உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா, மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, வலி கைக்கு இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று ஈசிஜி எடுத்துப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. வந்த உயிரை அடுத்த நிமிஷமே எடுத்துவிட்டாள்.

"அம்மா, நீங்கதானே சமையல்? காரம், புளி, எண்ணெய் மூணையும் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. மாசக்கணக்குல இவர் வயித்தைப் புண்ணாக்கி வச்சிருக்கு."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ "ச்சொ" என்றார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது.

என் சமையலா புண்ணாக்கியது? அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்த காலத்தில், என் டிபன் பாக்ஸைத் திறந்தால் என் வாய்க்கு மிஞ்சுவது கடைசி இரண்டு பிடிதான். சூப்பர்வைசர்கூட ஒரு ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு வருவார். அப்படிப்பட்ட என்னை, தெரு முழுக்கக் காது கொடுத்துக் கேட்கிற இடத்தில் உட்கார வைத்து, உன் குழம்புதான் விஷம் என்று சொல்லிவிட்டாள் அந்தச் சின்னப் பெண்.

அது போதாதென்று, வீட்டுக்கு நடந்து வரும்போது இவர் வாயைத் திறந்தார்.

"அக்கா கையால சாப்ட்டா மட்டும் எனக்கு ஒண்ணும் பண்றதில்ல விஜி. அதான் புரியல."

நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

அண்ணி என்கிற பத்மா

இந்த அக்காவைப் பற்றி இந்தத் தொடரில் நான் இதுவரை எழுதாமல் தப்பித்து வந்தேன். இப்போது அவள் புனேயில் மகனோடு இருக்கிறாள். தமிழ்ப் பத்திரிகை அந்த வீட்டுக்கு வருவதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சேகருக்கு அக்கா. பெயர் பத்மா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சை இவர் போட, மீதி இரண்டு முடிச்சையும் நாத்தனார் முறைக்கு அவள்தான் போட்டாள். ஒன்றுக்கு இரண்டு. அன்றைக்கே கணக்குத் தெரிந்துவிட்டது எனக்கு.

கல்யாணமான புதிதில் முதல் முதலாக இவருக்கு நான் வைத்தது கத்திரிக்காய் முருங்கைக்காய் போட்ட காரக்குழம்பு. விரலை வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. அக்கா வெக்கிற மாதிரி வரல," என்றார்.

அந்த 'வரல' என்கிற வார்த்தையோடு நான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ரசமா, அக்கா ரசம் மாதிரி வரவில்லை. மீன் வறுவலா, அக்கா மசாலா மாதிரி ஒட்டவில்லை. வெறும் பருப்புத் துவையல் அரைத்தால்கூட நடுவில் அவள் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

ஒருமுறை வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன், "அண்ணி, காரக்குழம்புக்கு இன்னா இன்னா போடுவீங்க?" என்று.

"இன்னா பெரிய வித்தை, எல்லாரும் போடறதுதான். கையால அள்ளிப் போடறதுதான்," என்று சொல்லிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எதையோ மறைக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதில் என்ன இருக்கிறது மறைக்க? அழகிலோ, பணத்திலோ, பிள்ளைகள் படிப்பிலோ அவளைப் பார்த்து நான் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. அந்தக் கை ஒன்றுதான் என்னைத் தின்றது.

இவர் கிளினிக்குக்கு வந்த சமயம், அண்ணியின் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காட்டுப்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெருவில் தனியாக இருந்தாள். மகன் கூப்பிட்டும் அப்போது போகவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரமாட்டாள். ரோஷக்காரி.

இவருக்கு வேலை திருமழிசை எஸ்டேட்டில், ரப்பர் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில். சாயங்காலம் வேலை விட்டதும் பைக்கில் பூந்தமல்லி வந்து, வீட்டுப்பக்கம் திரும்பாமல் நேரே காட்டுப்பாக்கம் போய், அக்காவை ஒரு எட்டு பார்த்துவிட்டு, மறுபடியும் பூந்தமல்லி, ஆவடி என்று சுற்றி வீட்டுக்கு வருவார். ரோடெல்லாம் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த காலம். வந்து சேர எட்டரை ஆகிவிடும்.

பார்த்துவிட்டு வரட்டும், புருஷனை இழந்தவள் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு. ஆனால் "அக்கா கையால சாப்ட்டா ஒண்ணும் பண்றதில்ல" என்று சொன்னபோது, என்றைக்கோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சாப்பிட்டதைச் சொல்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அதுவே எனக்கு எரிந்தது.

கஞ்சி மாதம்

சரி, என் குழம்புதானே குற்றவாளி? குழம்பே வேண்டாம் என்று முடிவு கட்டினேன்.

ராத்திரியில் புழுங்கலரிசிக் கஞ்சி. தொட்டுக்கொள்ள புதினாத் துவையல், அதிலும் மிளகாய் கிடையாது, இரண்டு மிளகு. மதியத்துக்குக் கட்டிக் கொடுப்பது சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய் என்று தண்ணிக் காய்களாகப் பார்த்து. காலையில் ஓமம் கொதிக்க வைத்த தண்ணீர். சாயங்காலத்துக்கு சுக்கும் தனியாவும் தட்டிப் போட்ட காப்பி. ராத்திரி பெருங்காயம் கரைத்த நீர்மோர். கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கீழே இரண்டு செங்கல். டாக்டரம்மா சொன்னபடி இடது பக்கமாகப் படுக்கவும் பழக்கினேன். இவர் தூக்கத்தில் புரளும்போதெல்லாம் முழங்கையால் இடித்துத் திருப்பிப் போட்டேன்.

வீட்டில் வத்தல் தாளிக்கிற வாசனை நின்றுபோனது. கருவாட்டு டப்பாவை மூடிப் பரணில் ஏற்றிவிட்டேன். எனக்கும் அதே கஞ்சிதான். நாக்கு செத்துப் போனது.

இவருக்கு ஏப்பம் மட்டும் நிற்கவில்லை.

கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்திருக்கும்போதே முகம் சுண்டிப்போகும். மார்பைத் தடவிக்கொண்டு நடப்பார். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த இளஞ்சிவப்பு மருந்து பாட்டிலை, மூடி அளவு ஊற்றக்கூடப் பொறுமையில்லாமல், அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்வார்.

பூந்தமல்லி மும்தாஜுக்குப் போன் போட்டேன். மும்தாஜும் நானும் பேக்கிங் செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்து மேஜை. இன்றைக்கும் எனக்கு எது நடந்தாலும் முதலில் அவளிடம்தான் சொல்வேன்.

"வெறும் கஞ்சி குடிச்சா யாருக்குடி நெஞ்சு கரிக்கும்?" என்றாள். "நோன்பு தொறக்கறப்ப நாங்களே கஞ்சிலதான ஆரம்பிக்கிறோம்? கஞ்சி குடிச்சிட்டு, தொழுதுட்டு வந்து, அப்பறம்தான் மத்ததைத் தொடுவோம். எங்க ஊட்டுக்காரரு ஒரு தபா அவசரப்பட்டு எல்லாத்தையும் ஒண்ணா உள்ள தள்ளிட்டாரு. அன்னிக்கு ராத்திரி ஊடே தூங்கல. கஞ்சி மேல பழி போடாத. உன் ஆளு வேற எங்கியாவது மேயிறாரா பாரு."

"சீ, அவரா? நேரா அக்கா ஊட்டுக்குப் போய்ட்டு நேரா ஊட்டுக்கு வர்றாரு."

"அதையுந்தான் சொல்றேன்," என்றாள் மும்தாஜ்.

நான் சிரித்துவிட்டு போனை வைத்தேன். வைத்த கையோடு யோசனையும் வந்துவிட்டது.

மறுநாள் கிளினிக்குக்குப் போய்த் தனியாக டாக்டரம்மாவைப் பார்த்தேன். கஞ்சிக்கும் கேட்கவில்லையே என்றேன். பொறுமையாகத்தான் சொன்னாள். "வயிறும் மிக்சி ஜார் மாதிரிதாம்மா. வாய் வரைக்கும் போட்டா ஓடாது. முதல்ல போட்டது அரைபடறதுக்குள்ள மேலும் போட்டா மூடியைத் தள்ளிட்டு வெளிய வரும். கொஞ்சமா சாப்பிடணும், மெதுவா சாப்பிடணும், படுக்கறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி முடிச்சிடணும். இதுக்கும் கேக்கலைன்னா வாய் வழியா குழாய் விட்டுப் பார்த்துடலாம்."

குழாய் என்றதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஏப்பம்

அன்று இவர் வழக்கம்போல வந்தார். கை கால் கழுவினார். கஞ்சியை வைத்தேன். பாதிக் கஞ்சியைக் குடிக்கவே மல்லுக்கட்டினார். டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து துவையலை வழித்துப் போட்டேன்.

அப்போது ஒரு ஏப்பம் விட்டார் பாருங்கள்.

கருவாடு.

சாதாரணக் கருவாடு இல்லை. வஞ்சிரக் கருவாடு. கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு, பூண்டு உரிக்காமல் தட்டிப்போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க வைத்த குழம்பு. ஒரு மாதமாகக் கஞ்சியைத் தவிர எதையும் பார்க்காத என் மூக்குக்குக் கத்திரிக்காய்கூடத் தனியாகத் தெரிந்தது.

"எங்க சாப்ட்டீங்க?" என்றேன்.

"நீ போட்டதுதான்."

"நான் கஞ்சிதான போட்டேன்? கஞ்சில கருவாடு எங்கந்து நீந்தி வந்துது?"

கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தார். டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் டிவியைப் பார்த்தார்.

"அக்கா... கொஞ்சூண்டு டேஸ்ட்டு பாருன்னு குடுத்துது."

"எத்தினி நாளா?"

ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"எத்தினி நாளா டேஸ்ட்டு பாக்குறீங்க?"

"தெனமும்தான்," என்றார், ஏப்பத்துக்கு நடுவில்.

அடப்பாவி மனுஷா! தினமும் ஆறரை மணிக்கு அங்கே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, எட்டே முக்காலுக்கு இங்கே வந்து எதுவுமே தெரியாதவர் மாதிரி மறுபடியும் தட்டில் உட்கார்ந்திருக்கிறார். நான் மனம் கோணுவேனே என்று நான் போட்டதையும் தின்றிருக்கிறார். தின்றுவிட்டு அப்படியே படுத்திருக்கிறார். ஜாரில் முதலில் போட்டது அவளுடைய குழம்பு. மேலே போட்டது என்னுடையது. மூடியைத் தள்ளிக்கொண்டு வந்ததற்குக் கெட்ட பெயர் மட்டும் எனக்கு!

அவள் போட்டதைச் சாப்பிட்டால் ஒன்றும் பண்ணவில்லையாம். எப்படிப் பண்ணும்? பண்ணுவதற்குள்தான் என் வீட்டுக்கு வந்துவிடுகிறாரே.

நான் ஒரு மாதமாக நாக்கைச் சாகடித்துக்கொண்டு கஞ்சி குடித்தது ஞாபகம் வந்தது. திரைக்குப் பின்னால் கேட்ட அந்த "ச்சொ" ஞாபகம் வந்தது. அழுகைகூட வந்தது. ஆனால் அழுதால் இவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அதனால் அழவில்லை.

"அங்கயே ஒரேயடியா இருந்துடறதுதான? இங்க எதுக்கு வர்றீங்க, தூங்கறதுக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன்.

"விஜி, நான் சொல்றதக் கேளு. விஷயம் அப்டி இல்ல..." என்று பின்னாலேயே வந்தார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். விஷயம் எப்படி இருந்தால் எனக்கென்ன?

டப்பாவும் நானும்

மறுநாள் மத்தியானம் பரணிலிருந்து கருவாட்டு டப்பாவை இறக்கினேன்.

கத்திரிக்காய், மாங்காய், உரிக்காத பூண்டு, நல்லெண்ணெய். அவள் வைத்த அதே குழம்பு. புளியைக் கெட்டியாகக் கரைத்து, கையால் அள்ளித்தான் எல்லாவற்றையும் போட்டேன். டாக்டரம்மாவாவது மண்ணாவது. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து வந்தபோது எங்கள் மாடிப்படி முழுக்க வாசனை. ஒரு சம்புடத்தில் ஊற்றி, மூடியை இறுக்கி, மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

கொண்டுபோய் அவள் முன்னால் திறந்து வைப்பது, இதை வைக்கத் தெரிந்தவள்தான் ஒரு மாதமாகக் கஞ்சி காய்ச்சினேன், உங்கள் தம்பியின் வயிற்றைக் கெடுத்தது யார் என்று இப்போது சொல்லுங்கள் என்று கேட்பது. இதுதான் திட்டம்.

திருமுல்லைவாயிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆவடி. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பையை வைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதையெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பூந்தமல்லியில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துக் காட்டுப்பாக்கம் சேரும்போது சாயங்காலம் ஐந்தரை இருக்கும்.

கதவைத் திறந்தது அண்ணிதான். ஆனால் ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

காரியத்துக்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. போனில் பேசுவாள், "நல்லா கீறேன், சாப்ட்டேன்," என்று வைத்துவிடுவாள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு அவளுக்கு. இப்போது ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. கழுத்தெலும்பு தெரிந்தது. கன்னத்தில் மட்டும் கொஞ்சம் தசை திரும்பியிருந்தது, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு முதலில் முகம் தெளியுமே, அந்த மாதிரி.

"வா விஜி. இன்னா திடீர்னு? சேகரு வரலியா கூட?"

"வருவாரு. நான்தான் உங்கள பாக்க வந்தேன்," என்றேன், வாசலிலேயே நின்றுகொண்டு.

உள்ளே தரையில் இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தது. இரண்டு தம்ளரில் தண்ணீர். அடுப்பில் எதுவோ தாளித்த வாசனை. என்னைப் பார்த்ததும் மூன்றாவது தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.

"நீயே வந்துட்ட, நல்லதாப் போச்சு," என்றாள் என் முகத்தைப் பார்க்காமல். "கேக்காத, சண்டையாயிடும்னு சேகரு சொல்லிகினே கீறான். நானும் இத்தினி நாளா வாய மூடிகினு இருந்தேன். கேட்டா தப்பா எடுத்துக்காத."

கேட்க வந்தவள் நான். கேட்பது அவள். "இன்னா அண்ணி?" என்றேன்.

"ராத்திரில ஊட்ல அடுப்பே மூட்டறதில்லயாமே நீ?"

"யாரு?"

"நீதான். சீரியல் பாத்துட்டு பிஸ்கட் துன்னுட்டு படுத்துடறியாமே. அவன் வேலைக்குப் போய்ட்டு வர்ற புள்ள. ராத்திரில ஒரு வாய் சோறு இல்லாம எப்டி விஜி? நீ போடலன்னா எனக்குப் பட்டினிதான்க்கான்னு இங்க வந்து நிக்கிறான். கேக்கவே எனக்கு வவுறு பத்திகினு வருது."

பிஸ்கட்டாம்! எட்டே முக்காலுக்குச் சுடச்சுடத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன கடைசித் தோசையை நின்றபடியே தின்கிற என்னையா? டாக்டரம்மாவிடம் கெட்ட பெயர், தெருவில் கெட்ட பெயர், இப்போது நாத்தனாரிடம் இப்படி ஒரு பெயர். அதுவும் கட்டின புருஷனே வாங்கிக் கொடுத்தது. பையில் இருக்கும் சம்புடத்தை எடுத்து அவள் முன்னால் ணங்கென்று வைக்கக் கையை உள்ளே விட்டேன். சம்புடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் நிறுத்தவில்லை.

"அவரு போனப்பறம் எனக்கு ஒருத்திக்கு எதுக்கு அடுப்புன்னு வுட்டுட்டேன். டீயும் பன்னும்தான். அதுவும் ஞாபகம் வந்தா. சேகரு ஓட்டல்ல வாங்கியாந்து குடுப்பான், அப்டியே எடுத்து நாய்க்குப் போட்டுடுவேன். சாப்ட்டியான்னு கேப்பான், சாப்ட்டேன்பேன். அவன் ஒருநாள் வந்து, பசிக்குதுக்கா, ஊட்ல ஒண்ணும் இல்லன்னு உக்காந்தான் பாரு... பசின்னு சொல்ற புள்ளைக்கு எப்டி போடாம இருக்கறது? அன்னிக்குத்தான் மறுபடியும் அரிசி களைஞ்சேன். நீயும் கூட உக்காருன்னுவான். நான் உக்காந்தாத்தான் சோத்துல கை வெப்பான். அதனால நானும் ரெண்டு வாய்."

கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறினாள்.

"அவனுக்காக ஆக்கறேன். இல்லன்னா எனக்கு இன்னா வேண்டிகீது?"

பைக்குள் என் கை சம்புடத்தின் மேலேயே இருந்தது.

இரண்டு வாய்

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். அஜீரணத்துக்கு வழி கேட்டு யாராவது இதைப் படித்தால் ஏமாறக்கூடாது.

அன்றைக்குப் பிறகு இவருக்கு ராத்திரியில் ஒரே சாப்பாடுதான். அதுவும் ஆறரை மணிக்குக் காட்டுப்பாக்கத்தில். கருவாடு எப்போதாவதுதான், அதுவும் காரம் கம்மி. அக்காவிடம் இவரே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து ஒரு தம்ளர் நீர்மோர், பிறகு தெருவில் ஒரு நடை. பத்தே நாளில் நெஞ்செரிச்சல் குறைந்தது. மருந்து பாட்டில் ஜன்னல் விளிம்பில் காய்ந்து ஒட்டிக்கொண்டது. குழாய் விட்டுப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. "பாத்தீங்களா, நீங்க காரம் புளி குறைச்சதும் எவ்வளவு வித்தியாசம்," என்று டாக்டரம்மா என்னைப் பாராட்டினாள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இதைச் சொல்வதால் நான் பெரிய மனசுக்காரி என்று யாரும் எழுதிப் போட வேண்டாம். சாயங்காலம் ஆறரை ஆனால் எனக்கு உடம்பெல்லாம் முள் குத்தும். இந்நேரம் அவள் சோற்றைப் போட்டிருப்பாள், இவர் பிசைந்துகொண்டிருப்பார் என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். எனக்கு மட்டும் ஒரு தோசை ஊற்றுவேன். அதுவும் ஒழுங்காக வராது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

"இன்னா பேசாம நிக்கிற? கோவமா?" என்றாள் அண்ணி.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் தினமும் ஆக்குகிறேன் அண்ணி, உங்கள் தம்பி பொய் சொல்கிறார், இதோ பாருங்கள் குழம்பு. அவ்வளவுதான். என் பெயர் சுத்தமாகிவிடும். நாளைக்கு இவர் வந்து பசிக்கிறது என்றால், போடா, உன் வீட்டில்தான் எல்லாம் இருக்கிறதே என்று சொல்லிவிடுவாள். ரோஷக்காரி. மறுபடியும் டீயும் பன்னும்.

அந்தத் தொளதொளத்த ரவிக்கையைப் பார்த்தேன். கையை வெளியே எடுத்தேன்.

"ஆமாண்ணி," என்றேன். "ராத்திரில எனக்கு முடியறதில்ல. நான் ஆக்கறதில்ல."

சொல்லும்போது தொண்டையில் எதுவோ எதுக்களித்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வாய் அவளிடம் தோற்றது அன்றைக்குத்தான்.

"அதுக்கு இன்னா, உடம்பு முடியலன்னா சொல்லிட்டுப் போயேன்," என்று உடனே இறங்கிவிட்டாள் அவள். "உக்காரு. பையில இன்னா?"

"ஆவடில காய் வாங்கினேன்," என்று பையைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினேன்.

உட்கார்ந்தேன். சோறு போட்டாள். மொச்சைக்கொட்டை போட்ட காரக்குழம்பு. அவளும் எனக்கெதிரே உட்கார்ந்து தன் தட்டில் ஒரு சின்னப் பிடி வைத்துக்கொண்டாள். பிசைந்து வாயில் வைத்தேன்.

நன்றாக இருந்தது. பாவி, நன்றாகவே இருந்தது. என் பையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. வெந்தயமா, கடைசியில் ஊற்றிய தேங்காய்ப்பாலா, எதுவென்று கண்டுபிடிக்க நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். பிடிபடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று நினைத்து அண்ணி தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

வெளியே பைக் நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தவர், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"வாடா," என்றாள் அண்ணி. "உன் பொண்டாட்டிய நறுக்குன்னு கேட்டுட்டேன். கோச்சிக்கல. ஒத்துகினா, தங்கமான பொண்ணு."

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் என்னிடம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அதுவும் வாயே திறக்காமல். அண்ணி தன் தட்டில் கை வைத்தபடி, சாப்பிடாமல், தம்பி உட்காருவதற்காகக் காத்திருந்தாள்.

"இன்னா நிக்கிறீங்க?" என்றேன். "கை கழுவிட்டு வந்து உக்காருங்க. வவுறு ரொம்ப இங்கயே சாப்ட்டுக்குங்க. ஊட்ல நான் ஒண்ணும் ஆக்கல."

அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அண்ணி அவருக்குச் சோறு போட்டாள். அவர் ஒரு வாய் எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, தன் தட்டிலும் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.